பஞ்சாமிர்தத்துக்குக் காலாவதி தேதி

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் பழனிக்குப் போய்வந்து ஒரு பஞ்சாமிர்த டப்பா கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல என்னடா பொடி எழுத்துல போட்டிருக்கு?" என்றார். தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், பேட்ச் நம்பர் என்று படித்துக் காட்டினேன். "முருகன் பிரசாதத்துக்கே நாள் குறிச்சுட்டாங்களா!" என்று சொல்லிவிட்டு, டப்பாவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இதையே கோபமாகச் சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோயில் ஆபீஸ் ஆகிவிட்டது, பிரசாதம் சரக்காகிவிட்டது, தர்மம் ரசீதாகிவிட்டது என்பார்கள். ஒரு காலத்தில் நானும் டீக்கடையில் உட்கார்ந்து அப்படிப் பேசியவன்தான். இப்போது பேசுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நாங்கள் கொடைக்கானல் மலையில் இருக்கிற தாண்டிக்குடிப் பக்கம். முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தார், 'தாண்டிக்குதி'தான் தாண்டிக்குடி ஆனது என்று ஊரில் சொல்வார்கள். காப்பிச் செடிக்கு நடுவே மலைவாழை போடுவது பழைய வழக்கம். அந்த மலைவாழையில் ஒரு ரகமான விருப்பாச்சிப் பழத்தில் தண்ணீர்ச் சத்து குறைவு. பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் பிசைய முடிவதும், அது சீக்கிரம் கெடாமல் இருப்பதும் அதனால்தான். தாத்தா காலத்தில் தோட்டத்தில் விளைகிற முதல் தார் பழனிக்கு. யாரும் கேட்டதில்லை, யாரும் ரசீது கொடுத்ததும் இல்லை. பாச்சலூர் வழியாக ஒட்டன்சத்திரம் இறங்கிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, ஒரு சொம்புப் பஞ்சாமிர்தத்தோடு ஏறி வருவார்.

அப்புறம் முடிக்கொத்து நோய் வந்தது. 1970-களில் இந்த மலையில் வாழை வைத்திருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இலையெல்லாம் உச்சியில் கொத்தாகக் குறுகிப்போய், தார் தள்ளாமல் மரம் நின்றுவிடும். அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ் அது. நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழித்தால்தான் மற்றது பிழைக்கும். தாத்தா அழிக்கவில்லை. சாமிக்கு நேர்ந்துவிட்ட வாழையில் எப்படிக் கத்தி வைப்பது என்று விளக்கேற்றி வேண்டிக்கொண்டார். எங்கள் தோட்டமும் போனது, எங்களால் பக்கத்துத் தோட்டமும் போனது. அவருடைய பக்தியில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் பக்கத்துத் தோட்டக்காரருக்கு அந்தப் பக்தியால் என்ன பிரயோசனம்? பிற்பாடு வாழை மறுபடி தலையெடுத்தது நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகளால். பரிசோதனைக் கூடத்துக் கண்ணாடிக் குப்பியில் பிறந்த கன்று அது. அந்தப் பழம் அபிஷேகத்துக்கு ஆகாது என்று எந்தப் பெரியவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் அதுதான் முதல். அப்போதும் சிலர் முகம் சுளித்தார்கள். 2024 செப்டம்பரில் திருப்பதி லட்டு நெய் விவகாரம் வெடித்தது ஞாபகமிருக்கும். அந்தச் சூட்டோடு பழனியைப் பற்றியும் வாட்ஸப்பில் கண்டபடி கிளப்பிவிட்டார்கள். ஆவின் நெய்தான் வாங்குகிறோம் என்று அரசுத் தரப்பில் மறுத்தார்கள். நாட்டுச் சர்க்கரை கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலத்தில் வாங்குகிற சரக்கு, கணக்கு இருக்கும். அந்த வாரம் 'சாமி சத்தியமா' என்று யார் சொன்னாலும் எடுபட்டிருக்காது. டப்பாவின் மேல் இருந்த பொடி எழுத்துக்கும் பில்லுக்கும்தான் மதிப்பு. சத்தியம் பண்ணுவதன் இன்றைய வடிவம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

இடையில் ஒன்று. 2023 அக்டோபர் 1 முதல் பழனி மலைமேல் செல்போன் கொண்டுபோகக் கூடாது, ஐந்து ரூபாய் கொடுத்து ஒப்படைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். மனதை ஒருமுகப்படுத்து என்று காலங்காலமாகச் சொல்லியும் கேட்காத நம்மை ஒரு டோக்கன் கேட்க வைத்துவிட்டது.

சரி, பெரியப்பா கதைக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு விருப்பாச்சிக்கும் சத்திரப்பட்டிக்கும் நடுவே ரோட்டோரம் பந்தல் போட்டு அன்னதானம் செய்கிற குழு பெரியப்பாவுடையது. சாம்பார் சாதம், தயிர் சாதம், நீர்மோர். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டுதான் அன்னதானம் போட வேண்டும் என்று சொன்ன வருஷம் அவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! "பசிச்சு வர்றவனுக்குச் சோறு போட நான் எவன்கிட்டடா பெர்மிஷன் வாங்கணும்? வள்ளலார் லைசென்ஸ் எடுத்தாரா?" அந்த வருஷம் பதியவே இல்லை.

அதே வருஷம் கொஞ்ச தூரம் தள்ளி வேறொரு பந்தலில் முந்தின நாள் ராத்திரியே கிளறிய தயிர் சாதத்தைச் சூடு ஆறாமல் பிளாஸ்டிக் டிரம்மில் அடைத்து வைத்திருந்தார்கள். காலையில் சாப்பிட்டவர்கள் வரிசையாக வாந்தியெடுத்தார்கள். பச்சை வேட்டி கட்டிய பையன் ஒருத்தன், பத்து வயது இருக்கும், சின்னக் காவடியை மைல்கல்லில் சாய்த்து வைத்துவிட்டு அவன் அம்மா மடியில் சுருண்டு கிடந்தான். பெரியப்பாதான் எங்கள் வேனில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பையன் பிழைத்துக்கொண்டான். திரும்பி வரும்போது வேனில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பந்தல்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, கடன் வாங்கி அன்னதானம் போட்டவர்கள். அதுதான் அவரை உலுக்கியது என்று நினைக்கிறேன்.

அடுத்த வருஷம் தை பிறப்பதற்கு முன்பே போய்ப் பதிந்துவிட்டு வந்தார். இப்போது அதிகாரியைவிட அவர் கறார். தலையில் தொப்பி போடாமல் கரண்டி தொட்டால் தொலைந்தோம். எந்தச் சாதம் எத்தனை மணிக்கு இறக்கியது என்று நோட்டில் எழுத வேண்டும். "கோயில் மடப்பள்ளியில வாயைக் கட்டிக்கிட்டுத்தானடா சமைப்பாங்க? மாஸ்க்குக்கு மட்டும் ஏன் நெளியிற?" என்று என்னையே ஒருமுறை கேட்டார். பதில் இல்லை.

பழைய அன்னதானத்தைப் பற்றி உருகுகிறவர்கள் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். பந்தியில் யார் உட்கார்ந்தார்கள்? எங்கள் வீட்டில் தாத்தா போட்ட சோற்றிலும் இது இருந்தது. உள்பந்தி முடிகிறவரை இந்த மலையின் பழங்குடிகளான பளியர் குடும்பங்கள் காப்பித் தோட்ட வேலியோரம் நிற்கும், மிஞ்சியது இலையில் போகும். தாத்தாவுக்கு அது தப்பாகத் தெரியவில்லை. சோறு போட்டோமே என்கிற திருப்திதான் இருந்தது. கோயிலுக்குள் எல்லோரும் போகலாம் என்று 1947-இல் சட்டம் வந்தது, பந்தி மாறுவதற்கு அதற்கப்புறமும் வெகுநாள் பிடித்தது. பழனியில் 2012-இலிருந்து நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. வரிசையில் நின்றால் உங்களுக்குப் பக்கத்தில் யார் என்று நீங்கள் முடிவு செய்ய முடியாது. தாத்தாவின் தர்மத்தில் இரக்கமும் இருந்தது, படிக்கட்டும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க ஒரு ஆபீஸ் தேவைப்பட்டது என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அதற்காக எல்லாம் சரி என்று சொல்லவில்லை. கட்டண தரிசனத்தை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. ஒரு படிக்கட்டை இடித்துவிட்டு இன்னொன்றைக் கட்டுகிற வேலை அது. பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பார்கள், உண்டியல் எதற்கு இருக்கிறது? இன்னொன்று, எங்கள் முதல் தார். டெண்டரும் லாரியுமாகக் கொள்முதல் நடக்கிற இடத்தில் ஒற்றைத் தாரோடு போய் நிற்க அப்பாவுக்கே கூச்சம். அவர் அதைத் தாண்டிக்குடி முருகன் கோயிலில் வைத்துவிட்டு வந்துவிடுவார்.

ஆனால் நிர்வாகம் நினைத்தால் இடம் விடவும் முடியும். எடப்பாடிப் பருவதராஜகுலத்தார் தைப்பூசம் முடிந்து காவடியோடு வருவார்கள். டன் கணக்கில் பழம் வாங்கி, மலைமேலேயே தங்கள் கையால் பஞ்சாமிர்தம் பிசைவார்கள். அன்றைக்கு ஒரு ராத்திரி மலைமேல் தங்கும் உரிமை அவர்களுக்கு மட்டும்தான். வேறு எந்தப் பக்தரும் தங்க முடியாது. மெஷினில் அடைத்த டப்பா விற்கிற அதே மலையில் இதுவும் நடக்கிறது. கோயில் ஆபீஸ் ஆகிவிட்டது என்று புலம்புகிறவர்கள் ஒருமுறை அந்த நாளில் போய்ப் பார்க்கலாம்.

இந்தத் தைப்பூசத்துக்கு நானும் பந்தலில் இருந்தேன். செய்த ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சாம்பிள் எடுத்து, மூடி போட்டு, நேரம் எழுதி மறுநாள் வரை ஐஸ் பெட்டியில் வைத்திருக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் சட்டம். யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் காட்ட வேண்டுமே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் சாயங்காலம் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நான் டப்பாக்களைத் திறந்து குப்பைக் கூடையில் கொட்டப் போனேன். பெரியப்பா என் கையைப் பிடித்துவிட்டார். டப்பாக்களை வாங்கி, ஒவ்வொன்றாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ரோட்டைத் தாண்டிப் போய் அங்கே கட்டியிருந்த மாட்டுக்கு முன்னால் கவிழ்த்தார். திரும்பி வந்து நோட்டை எடுத்து, "சாம்பிள் அகற்றியது, மாலை 5.40" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.