மான்களை எண்ணினால் மட்டும் போதுமா?

கிண்டி தேசியப் பூங்காவைப் பற்றிப் பேச்சு வந்தால், திருவொற்றியூரில் என் நண்பர்கள் பலரும் "மான்தான் ஏராளமாக இருக்கிறதே, பிறகென்ன கவலை?" என்கிறார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது தவறு என்பது என் உறுதியான கருத்து. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமலே போய்ச் சேரக்கூடிய அந்தக் காடு, ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் மதில்களும் சாலைகளும் சூழ்ந்த தீவு. கடல் சூழ்ந்த தீவுகளின் மான்களுக்கு நேர்ந்தது இங்கும் நேரலாம்.

தீவில் அடைபட்ட மந்தைக்கு வெளியிலிருந்து துணை வந்து சேர்வதில்லை. முதலில் வந்த சில மான்களின் மரபணுக்களே அதன் மொத்தக் கையிருப்பு. அதிலும் சில, தலைமுறைதோறும் தற்செயலாகவே அழிந்துபோகின்றன. இணைசேரும் பருவத்தில் வலிமை மிக்க சில ஆண் மான்களே பெரும்பாலான குட்டிகளுக்குத் தந்தையாவதால், நூற்றுக்கணக்கில் மேய்ந்தாலும் அடுத்த தலைமுறைக்குப் பங்களிப்பவை அவற்றில் சிறு பகுதிதான். இதனால் நாளடைவில் நெருங்கிய உறவுடைய மான்களே ஒன்றோடொன்று இணைசேர நேர்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுக்கும் குடும்பங்களை மருத்துவர்கள் எச்சரிப்பதும் இதே காரணத்தால்தான்.

ஸ்காட்லாந்தின் ரம் தீவில் செம்மான்களை 1970களிலிருந்து தனித்தனியாக அடையாளம் கண்டு, பிறப்பு முதல் இறப்பு வரை ஆய்வாளர்கள் கண்காணித்து வருகிறார்கள். நெருங்கிய உறவுடைய பெற்றோருக்குப் பிறந்த கன்றுகள் எடை குறைந்து பிறப்பதும், முதல் ஆண்டைத் தாண்டாமல் இறப்பதும் அதிகம் என்று அந்தப் பதிவுகள் காட்டின. வேலிக்கு வெளியே நின்று மந்தையைப் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் வேட்டையால் 1950களில் சில டஜன்களாகச் சுருங்கிய சிறு மான்கள், 1957இல் காப்பகம் அமைந்தபின் பல நூறாகப் பெருகின. ஆனால் அவற்றின் மரபணுப் பன்மை நிலப்பகுதி உறவினங்களைவிடக் குறைவாகவே இருக்கிறது. எண்ணிக்கை மீண்டாலும் தொலைந்த பன்மை தானாக மீள்வதில்லை.

வழி இல்லாமல் இல்லை. மானைத் தொடாமலே அதன் புழுக்கையிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்துப் பரிசோதிக்கலாம். தலைமுறைக்கு ஒன்றிரண்டு மான்கள் வெளியிலிருந்து வந்து குட்டி ஈன்றாலே இழப்பு பெரிதும் தடைபடும் என்பது மரபியலின் பழைய கணக்கு. புள்ளிமான்கள் பிடிபடும் அதிர்ச்சியிலேயே இறந்துவிடக்கூடியவை என்பதால், அனுபவம் மிக்க கால்நடை மருத்துவர்களைக் கொண்டு, நோய்ப் பரிசோதனைக்குப் பிறகே இடமாற்றம் செய்ய வேண்டும். அடுத்த கணக்கெடுப்பின்போது மான்களின் தலையை எண்ணுவதோடு நில்லாமல் புழுக்கை மாதிரிகளையும் சேகரித்து, முடிவுகளைப் பொதுமக்கள் படிக்கும் வகையில் தமிழில் வெளியிட வேண்டும் என்று வனத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.