எழுத்தாளரிடம் பிறந்த ஊரைக் கேட்டது போதும்

யாழ்ப்பாணத்தில் இப்போது நேர்காணல்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை பிறந்த ஊர், படித்த பாடசாலை, முதற்கதை வெளிவந்த பத்திரிகை என்று தொடங்கி, "இளம் தலைமுறைக்கு நீங்கள் கூற விரும்புவது என்ன?" என்ற கேள்வியோடு முடிந்துவிடுகின்றன. அந்தக் கடைசிக் கேள்வியைப் பத்து ஆண்டுகளுக்குத் தடை செய்தாலும் ஒருவருக்கும் நட்டமில்லை. ஒருவர் தம் வேலையை எப்படிச் செய்தார் என்பதைத்தான் நாம் கேட்பதேயில்லை.

சிங்கள இயக்குநரான தர்மசேன பத்திராஜா, யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் கதையை 1977இல் 'பொன்மணி' என்ற தமிழ்ப்படமாகத் தந்தார். அந்தப் படம் பற்றிய பேச்செல்லாம் இன ஒற்றுமையைச் சுற்றியே நிற்கிறது. எனக்கோ வேறொன்று தெரிய வேண்டும்: தாய்மொழியல்லாத மொழியில் நடிகர் பேசிய வசனம் சரியாக விழுந்ததென்று அவர் எதைக்கொண்டு முடிவெடுத்தார்? காதாலா, நடிகரின் முகத்தாலா, பக்கத்தில் நின்ற யாருடையதோ தலையசைப்பாலா? 2018இல் அவர் காலமாகிவிட்டார்.

ஆனைக்கோட்டை முத்திரையும் அப்படித்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெருங்கற்காலப் புதைகுழியில் கண்டெடுத்த அந்தச் சிறு பொருளில் குறியீடுகளும் பிராமி எழுத்துகளும் சேர்ந்திருப்பதை மேடைதோறும் சொல்கிறோம். மண்ணுக்குள் அதை முதலில் கண்டவர் யார், எதனால் துடைத்தார்கள், அன்றிரவு வாசிப்பைப் பற்றி என்ன வாதம் நடந்தது என்பவற்றை மேடையில் யாரும் கேட்பதில்லை.

வேறு ஊர்களில் இது சிறு குறையாக இருக்கலாம். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு பொது நூலகம் எரிந்த, 1995 போர்க்கால இடப்பெயர்வில் கையில் கிடைத்த பையோடு சனம் வெளியேறிய ஊர் இது. வரைவுகளும் களக்குறிப்புகளும் புகைப்படச் சுருள்களும் தப்பிய வீடுகள் குறைவு. தாளில் இல்லாதது ஆளிடம்தான் இருக்கிறது. ஈழத்து நூல்களை இணையத்தில் ஆவணப்படுத்தும் 'நூலகம்' நிறுவனம் வாய்மொழி வரலாறுகளை ஒலிப்பதிவாகச் சேர்ப்பது பெரும் பணி, ஆனால் கேட்காத கேள்விக்குரிய விடையை எந்த ஆவணகமும் சேமிக்க முடியாது.

அண்மையில் ஒரு சிறிய சந்திப்பில், கள் இறக்குவோரைப் படம்பிடித்த ஓர் இளைஞரிடம், பார்வையாளர் ஒருவர் மைக்கை எங்கே கட்டினீர்கள் என்று கேட்டார். கமராவோடு பனையில் ஏற முடியாமையால், தொழிலாளியின் இடுப்பில், பாளைக்கத்திக் கூட்டுக்கு அருகே ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டியதாகவும், காற்றிரைச்சலை நீக்கப் போய் மூச்சொலியும் போய்விடவே இரைச்சலை அப்படியே விட்டதாகவும் அவர் விளக்கத் தொடங்கினார். நெறியாளர் நேரமாகிவிட்டதென்று இடைமறித்து, அடுத்த படம் எப்போது என்று கேட்டார்.

முகநூல் நேரலைக்குப் பக்க வரையறை கிடையாது. ஒரு நாவலாசிரியரை அழைத்தால் ஒரேயொரு அத்தியாயத்தை எடுத்து, அதில் எதை வெட்டினார், எதை எத்தனை முறை மாற்றினார் என்று ஒரு மணிநேரம் கேளுங்கள். அதற்கு நெறியாளர் அந்த நூலை வாசித்திருக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.