பாண் மெஷினும் பலெர்மோ ஸ்பின்ச்சோனேயும்

(சிசிலித் தீவின் பலெர்மோ நகரம். பல்லரோ சந்தைக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் குசினி. டிசம்பர் 7, பின்னேரம். மறுநாள் அமலோற்பவ மாதா திருநாள். அதற்கு முந்தின இரவு இந்த ஊரில் ஸ்பின்ச்சோனே (வெங்காயமும் நெத்தலியும் மேலே போட்டுத் தட்டில் சுடுகிற தடித்த பாண்) இல்லாத வீட்டை வீடென்றே மதிக்கமாட்டார்கள்.)

கணவர்: இது என்னப்பா, சோறு காய்ச்சுகிற மெஷினா?

மனைவி: பாண் மெஷின். நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா தந்தவ. இரவு அவவைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன்.

கணவர்: ஊர்காவற்றுறையில் பிறந்த நீர், சிசிலிக்காரிக்கு ஸ்பின்ச்சோனே சுட்டுக் கொடுக்கப் போகிறீர்? அப்படியென்றால் நாளைக்கு அவ வந்து எங்களுக்குத் தோசை சுடட்டும்.

மனைவி: அவ பக்கத்து ஊர் பகேரியாக்காரி. அங்கே தக்காளி போடாமல் வெள்ளையாகத்தான் சுடுவார்கள். பலெர்மோக்காரருக்குத் தக்காளியை விட்டால் ஒன்றும் தெரியாது என்று ஒவ்வொரு நாளும் ஏச்சு. இன்றைக்கு அந்த வாயை அடைக்க வேணும்.

கணவர்: பாணால் அடைக்கலாம். சரி, நான் என்ன செய்ய?

மனைவி: மாவை அளவுங்கோ. ரிமச்சினாத்தா 300 கிராம், 00 என்கிற மெல்லிய கோதுமை மாவு 200.

கணவர்: இது ரவைதானே?

மனைவி: ரவையை இன்னொரு தரம் அரைத்தது. சிசிலிப் பாண் மஞ்சளாக இருப்பது இதால்தான். தண்ணீரையும் நன்றாகக் குடிக்கும், 350 மில்லி விடுங்கோ. முதலில் தண்ணீர், ஒலிவ் எண்ணெய், உப்பு. பிறகு மாவு. கடைசியில் மாவின் நடுவே குழி செய்து ஈஸ்ட்.

கணவர்: ஏன், ஈஸ்ட் மாப்பிள்ளையா, கடைசியில் வர?

மனைவி: டைமர் வைத்து இரவு முழுக்க விட்டால், தண்ணீர் பட்ட ஈஸ்ட் விடியுமுன்னே பொங்கி ஓய்ந்துவிடும்.

கணவர்: நாங்கள் டைமர் வைக்கவில்லையே.

மனைவி: புத்தகத்தில் இருக்கிறது. போடுங்கோ.

கணவர் (பொட்டலத்தை மோந்து): வனிலா மணக்கிறதே?

மனைவி: ஐயோ, அது கேக்குக்குப் போடுகிற தூள்! மற்றது, அந்த 7 கிராம் பொட்டலம். நெத்தலிக்கு வனிலா போட்டால் சிஞ்ஞோரா நேரே மொந்தே பெல்லெக்ரினோ மலை ஏறி இந்த ஊர்க் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் முறைப்பாடு வைப்பா.

கணவர்: வைக்கட்டும். அங்கே வரிசையில் நிற்பது பாதி எங்கள் ஆட்கள்தான். முறைப்பாடு புனிதைக்குப் போகுமுன் எங்களுக்கு வந்துவிடும்.

(மெஷின் உறுமத் தொடங்குகிறது. மேசை ஆடுகிறது.)

கணவர்: இதுவே சுட்டும் தருமா?

மனைவி: சுட்டால் வாளி உயரத்துக்கு வரும். ஸ்பின்ச்சோனே தட்டில் பரப்பிச் சுடுகிற சாமான். மெஷின் பிசைந்து பொங்க வைக்கட்டும், ஒன்றரை மணித்தியாலம். சுடுவது அவன் அடுப்பில். மூடியைத் திறக்காதேயுங்கோ!

கணவர்: பார்த்தால் என்ன?

மனைவி: பிசைகிறபோது பார்க்கலாம். பொங்குகிறபோது பார்த்தால் சூடு போய்விடும்.

கணவர்: இப்போது பிசைகிறதா, பொங்குகிறதா?

மனைவி: திறக்காமல் கேட்டுப் பாருங்கோ.

(கீழே தெருவில் மூன்று சக்கர வண்டி ஒன்று. ஒலிபெருக்கி அலறுகிறது.)

கணவர்: ஸ்பின்ச்சோனேக்காரன்! "எண்ணெய் குறைவு, புழுதி நிறைவு" என்று தன் சாமானைத் தானே பழித்து விற்கிறான். யாழ்ப்பாணத்தில் இப்படிக் கூவினால் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார்.

மனைவி: அது இந்த ஊர்ப் பகிடி. அதுவும் பதிவுதான், அந்த மனுசன் வாயே திறப்பதில்லை.

கணவர்: இறங்கி நாலு துண்டு வாங்கினால் அலுவல் முடிந்தது.

மனைவி: இந்தாங்கோ, ஒரு கிலோ வெங்காயம். வெட்டுங்கோ.

(இந்த இடத்தில் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டிவிடலாம். வெங்காயம் வெட்டும் கணவர் பேசியதை அச்சிட முடியாது. வெங்காயம் குழைந்து தக்காளியோடு கொதிக்கிறது. மனைவி அவன் அடுப்பைச் சூடேறப் போடுகிறாள். திடீரென்று வீடே இருள்கிறது.)

மனைவி: உடுப்புத் தோய்க்கிற மெஷினைப் போட்டீர்களா?

கணவர்: சும்மா நிற்காமல் ஒரு உதவி செய்வோம் என்று...

மனைவி: வீட்டுக்கு மொத்தமே 3 கிலோவாட்! அவன் அடுப்பு, பாண் மெஷின், தோய்க்கிற மெஷின், மூன்றையும் தாங்குமா? போய் மீட்டரைப் போடுங்கோ!

(கணவர் மூன்று மாடி இறங்கி, மூன்று மாடி ஏறி வருகிறார். வெளிச்சம் வருகிறது. மெஷின் பீப் என்கிறது.)

கணவர்: இது திரும்பவும் முதலில் இருந்து பிசையப் பார்க்கிறது!

மனைவி: கரண்ட் போனால் அதுக்கு எல்லாம் மறந்துவிடும். இந்த மெஷினை முதன்முதல் செய்த ஜப்பான்காரர், ஒசாகாவில் ஒரு ஹோட்டல் பேக்கரிடம் பிசைகிற விதத்தைப் படித்துவிட்டுத்தான் செய்தவர்கள்.

கணவர்: அந்த பேக்கருக்குக் கரண்ட் போனாலும் மறந்திராது.

மனைவி: நிறுத்துங்கோ அதை! மாவு பொங்கிவிட்டது. எண்ணெய் பூசின தட்டில் கவிழ்த்து விரலால் பரப்புங்கோ. நெத்தலியைக் கிழித்து மாவுக்குள் அமத்துங்கோ. அதுக்கு மேல் கச்சோகவல்லோச் சீஸ், வெங்காயக் குழம்பு, ஓரிகானோ, கடைசியில் பாண் தூள்.

கணவர்: பாணுக்கு மேல் பாண் தூளா?

மனைவி: சாறு எல்லாவற்றையும் அதுதான் உறிஞ்சும். மேலே மொறுமொறு என்று வரும்.

கணவர்: கொஞ்சம் செத்தல் மிளகாய்?

மனைவி: கையை எடுங்கோ! நெத்தலியைச் சமனாகப் பரப்புங்கோ. சிஞ்ஞோரா நெத்தலி கூடின துண்டைத்தான் தேடி எடுப்பா.

(தட்டு 220 டிகிரி அவன் அடுப்புக்குள் போகிறது. குசினி முழுக்க வாசம். மனைவி பாண் மெஷினின் வாளியைக் கழுவுகிறாள். ஏதோ குறைகிறது.)

மனைவி: இஞ்சருங்கோ, இதின் துடுப்பு எங்கே?

கணவர்: என்ன துடுப்பு?

மனைவி: வாளியின் அடியில் நின்று சுற்றுகிறது. சிலவேளை மாவோடு சேர்ந்து வந்துவிடும். எடுத்து வைத்தீர்கள்தானே?

கணவர்: நடுவில் ஒன்று கட்டியாகத் தட்டுப்பட்டது. உம்முடைய ரவை கரையவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

மனைவி: பிறகு?

கணவர்: மேடாக நின்றது, பார்க்க வடிவில்லை. மிச்ச நெத்தலி முழுவதையும் அதுக்கு மேல் அடுக்கி மூடிவிட்டேன்.

(வாசல் மணி. கணவர் சுவரில் உள்ள இண்டர்கொம்மை எடுக்கிறார்.)

கணவர்: சிஞ்ஞோராதான். மகனும் கூட நிற்கிறாராம், கூட்டிக்கொண்டு வரலாமோ என்று கேட்கிறா.

மனைவி: எந்த மகன்?

கணவர்: பல் வைத்தியர்.

மனைவி: உடனே வரச் சொல்லுங்கோ!