கிழக்கா மேற்கா என்று கேட்பவர்களுக்கு

உக்ரைன் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் அந்தப் பழைய இரண்டு நிறத் தேர்தல் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். மேற்கே ஆரஞ்சு, கிழக்கே நீலம், "பாத்தீங்களா, அது ஒரே நாடே இல்லை" என்று தீர்ப்பு. நேற்று ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் இதே கதை. அங்கே பதில் எழுதப் போய் நீண்டுவிட்டது, இங்கே போடுகிறேன்.

வரைபடம் பொய் இல்லை. 2004 டிசம்பர் அதிபர் மறுதேர்தலில் கிழக்கே டொனெட்ஸ்கில் ரஷ்யச் சார்பு யானுகோவிச்சுக்கு (நீலம்) 90 சதவீதத்துக்கு மேல், மேற்கே இவானோ-ஃபிரான்கிவ்ஸ்கில் மேற்கத்தியச் சார்பு யூஷ்செங்கோவுக்கு (ஆரஞ்சு) அதேபோல. ஆனால் இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 1994 அதிபர் தேர்தலில் குச்மா கிழக்கின் ஓட்டில் ஜெயித்தார். 1999இல் எதிரில் கம்யூனிஸ்ட் சிமோனென்கோ நின்றதும், அதே குச்மாவுக்கு மேற்கு மாகாணங்கள் கொட்டிக் கொடுத்தன. அஞ்சே வருஷத்தில் வரைபடமே மாறிவிட்டது. 1991இல் சுதந்திரம் வேண்டுமா என்று கேட்டபோது டொனெட்ஸ்கிலேயே 80 சதவீதத்துக்கு மேல் வேண்டும் என்றார்கள். பிளவு இருந்தது, யார் இல்லை என்றது? அதற்கு யார் எப்போது வேலி போட்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

கிரிவி ரிஹ் நகரத்தின் உருக்காலையை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டிலேயே பெரியது. 2004 கோடையில், தேர்தலுக்குச் சில மாதம் முன்பு, அரசு அதைச் சுமார் 80 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் இரண்டு பெருமுதலாளிகள்: டொனெட்ஸ்கின் அக்மெதோவ், டினிப்ரோவின் பின்சுக். பின்சுக் யார்? அதிபர் குச்மாவின் மருமகன். அப்போது பிரதமர் யானுகோவிச். தேர்தலில் யூஷ்செங்கோ ஜெயித்து ஆட்சி மாறியதும் அந்த விற்பனையை ரத்து செய்து 2005இல் மறுபடி ஏலம் விட்டார்கள், டிவியில் நேரலையாக. நம்ம லட்சுமி மிட்டலின் நிறுவனம் 480 கோடி டாலருக்கு எடுத்தது. ஆறு மடங்கு! ஒரு தேர்தலில் தோற்றால் இவ்வளவு போகும் என்றால், தோற்காமல் இருக்க எதை வேண்டுமானாலும் கிளப்பத்தான் செய்வார்கள். கையில் ரெடியாக இருந்தது மொழி. ரஷ்ய மொழிக்கு அந்தஸ்து என்ற வாக்குறுதி தேர்தலுக்குத் தேர்தல் பரணிலிருந்து இறங்கும், முடிந்ததும் பரண் ஏறும். கடைசியில் சட்டம் வந்ததே, அதுவும் 2012 ஜூலையில். அக்டோபரில் நாடாளுமன்றத் தேர்தல்!

ஆரஞ்சு பக்கம் மட்டும் சுத்தமா? பொரொஷென்கோவைப் பாருங்கள், சாக்லேட் கம்பெனி முதலாளி. யானுகோவிச்சின் பிராந்தியங்கள் கட்சி உருவானபோது அதில் இருந்தவர், பிறகு யூஷ்செங்கோவின் வெளியுறவு அமைச்சர், பிறகு யானுகோவிச் அதிபரானதும் அவரிடமே அமைச்சர், 2014இல் அதிபர். அதிபரான பிறகும் தன் டிவியான ஐந்தாவது சேனலை விடவில்லை. நிறம் எல்லாம் ஓட்டுப் போடுகிறவனுக்குத்தான்.

கீழ்மட்டத்தில் இது எப்படி நடக்கும் என்பதற்கு அங்கே ஒரு அழகான சொல் இருக்கிறது. ஹ்ரேச்கா என்பது அவர்கள் வீட்டில் தினம் வேகும் தானியம். தேர்தல் சமயத்தில் தொகுதி வேட்பாளர் பாட்டிமாருக்கு அதைப் பொட்டலம் பொட்டலமாகக் கொடுப்பார். அப்படிப்பட்டவருக்குப் பெயர் "ஹ்ரேச்கா விதைக்கிறவர்". நமக்கு இதற்கு உரை எழுதத் தேவையில்லை. 2019இல் இன்னொரு வேடிக்கை: முன்னாள் பிரதமர் யூலியா வொலோதிமிரிவ்னா திமோஷென்கோ நிற்கிறார், கூடவே யூரி வொலோதிமிரோவிச் திமோஷென்கோ என்று ஒருவரும். இனிஷியல் உட்பட ஒன்றே. 39 பேர் கொண்ட நீளமான வாக்குச் சீட்டில் கண்ணாடி போட்ட பாட்டி எந்தத் திமோஷென்கோ என்று தேட வேண்டும்.

சரி, அந்த 2019தான் வரைபடக்காரர்கள் பேசாத தேர்தல். ரஷ்ய மொழி பேசி வளர்ந்த, அதே கிரிவி ரிஹ்காரரான ஜெலென்ஸ்கி 73 சதவீதம் வாங்கினார். லிவிவ் மாகாணம் தவிர எல்லா மாகாணமும் அவருக்கு. ரஷ்யாவின் பிடியில் போன கிரிமியாவும், கிழக்கே டான்பாஸின் ஒரு பகுதியும் ஓட்டுப் போட முடியாத நிலை என்பதால் கணக்கு கொஞ்சம் மாறியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒடெசாவும் கார்கிவும் டெர்னோபிலும் ஒரே ஆளைத் தேர்ந்தெடுத்ததை அதை மட்டும் வைத்து விளக்க முடியாது.

இங்கேயும் என்னால் முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை. அவர் அதிபராக நடித்த தொடர் ஓடியது கொலொமொய்ஸ்கி என்ற பெருமுதலாளியின் 1+1 சேனலில். போட்டியிடப் போவதாக அறிவித்ததும் அதே சேனலில், 2018இன் கடைசி இரவு, அதிபரின் புத்தாண்டுச் செய்தி வர வேண்டிய நேரத்தில். கிழக்கையும் மேற்கையும் ஒரே நிறமாக்கிய பிரஷ்ஷும் ஒரு பணமுதலை வீட்டிலிருந்து வந்ததுதான்.

அப்புறம் நடந்தது தெரியும். 2021இல் பணமுதலைகளுக்கு எதிரான சட்டம். போர் வந்து மரியுபோலில் அக்மெதோவின் உருக்காலைகள் இடிந்தன, 2022 ஜூலையில் அவர் டிவி உரிமங்களை அரசிடமே ஒப்படைத்தார், 2023 செப்டம்பரில் கொலொமொய்ஸ்கி கைதானார். 2022 பிப்ரவரியிலிருந்து பெரிய சேனல்கள் சேர்ந்து ஒரே செய்தித் தொகுப்பை ஓட்டின. போர்க்காலம், புரிகிறது. ஆனால் பொரொஷென்கோ சார்பு ஐந்தாவது சேனல் உட்பட எதிர்க்கட்சிச் சார்பு சேனல்கள் அதில் இல்லை, அவற்றின் டிஜிட்டல் ஒளிபரப்பும் 2022 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அங்குள்ள பத்திரிகையாளர்களே இதைக் கேள்வி கேட்டார்கள். அதைக் கேட்டால் மட்டும் நம் வரைபடக்காரர்களிடம் பதில் வருவதில்லை.