முன் பிரேக்கைத் தொடாதே என்று சொல்லிக்கொடுப்பவர்களுக்கு

நம்ம ஊர்ப் பெரியவர்கள் பைக் பழகும் பையனுக்கு முதலில் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. "முன் பிரேக்கத் தொட்டுராத மக்கா, தூக்கி அடிச்சிரும்." எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலையிலிருந்து தோவாளை வரைக்கும் இதைக் கேட்காமல் வண்டி பழகிய ஆள் இருந்தால் ஆச்சரியம்தான். 400 சிசி வண்டியைக் கண்டு எனக்குப் பயம் இல்லை. இந்தப் பாடத்தை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு ஒருவன் அதில் ஏறுவதைக் கண்டால்தான் பயம்.

கல்லூரி முடித்த கையோடு முதல் வண்டியே பெரிய வண்டியாக எடுப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. வளைகுடாவில் இருக்கும் அண்ணனோ மாமாவோ முன்பணம் கட்டிவிடுகிறார், மீதி இஎம்ஐ. "முதல்ல சின்ன வண்டியில பழகட்டும்" என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. நானும் அதைச் சொல்ல வரவில்லை. வாங்குகிறவன் வாங்கட்டும், ஆனால் எதை வாங்கியிருக்கிறோம் என்று தெரிந்து வாங்கட்டும். அப்பா ஓட்டும் ஸ்பிளெண்டர் 97 சிசி, சுமார் 8 குதிரைத்திறன். 2023-ல் வந்த புது டியூக் 390 கிட்டத்தட்ட 399 சிசி, 46 குதிரைத்திறன். இன்டர்செப்டர் 650-க்கும் ஏறக்குறைய அதே திறன்தான், ஆனால் எடை 200 கிலோவுக்கு மேல். அப்பா வண்டியை முழுக்க முறுக்கினாலும் அது யோசித்துத்தான் கிளம்பும். இந்தப் பெரிய வண்டிகளிலோ, ஒரு குழியில் இறங்கும்போது மணிக்கட்டு தெரியாமல் அசைந்தாலே வண்டி முன்னால் பாயும்.

இந்த வித்தியாசம் எதுவும் நம் லைசென்ஸில் கிடையாது. 18 வயதில் பக்கத்து வீட்டு 100 சிசி வண்டியை இரவல் வாங்கிப் போய், கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் போதும். கியர் வண்டி என்ற ஒரே பிரிவில் எல்லா சிசியும் அடக்கம். பல ஐரோப்பிய நாடுகளில் 18 வயதுக்காரருக்கு 35 கிலோவாட் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அது சுமார் 47 குதிரைத்திறன். ஆக, மேலே சொன்ன வண்டிகள் அங்கேயும் அந்த வயதில் கிடைத்துவிடும். ஆனால் அதற்கான தேர்வில், குறைந்தது 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அவசர பிரேக் பிடித்து நிறுத்திக் காட்ட வேண்டும். நம் எட்டில் பிரேக்குக்கு என்ன வேலை?

பெரியவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவதும் நியாயம் இல்லை. அவர்கள் ஓட்டியது டிரம் பிரேக் வைத்த இலேசான வண்டிகள், ஓட்டிய சாலைகளில் பாதி மணல். மணலில் ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டே முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் விழத்தான் செய்வோம், இன்றைக்கும் அப்படித்தான். அந்த அனுபவம் மகனுக்கு வரும்போது "தொடவே தொடாதே" என்று சுருங்கிவிட்டது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குப் போகிறது. பின் சக்கரம் இலேசாகி, அதன் பிடிமானம் குறைகிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. நல்ல காய்ந்த ரோட்டில் பின் பிரேக்கை மட்டும் மிதித்து நிறுத்தினால், இரண்டையும் பிடித்து நிற்கும் தூரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடித்தான் வண்டி நிற்கும்.

இதைச் சொல்லி யாரையும் நம்ப வைக்க முடியாது, காட்டத்தான் வேண்டும். அக்கா மகன் வண்டி எடுத்ததும், விற்காமல் கிடக்கும் பிளாட்டுகளுக்கு நடுவே போட்டிருந்த தார் ரோட்டுக்கு ஒரு காலையில் கூட்டிக்கொண்டு போனேன். ரோட்டோரத்தில் என் செருப்பைக் கழற்றி வைத்து, "40-ல வா, செருப்புக்கு நேரா வந்ததும் பிடி" என்றேன். முதலில் பின் பிரேக் மட்டும். செருப்பைத் தாண்டி, அதற்கடுத்த மின்கம்பத்தையும் தாண்டித்தான் நின்றான். "மாமா, ஏபிஎஸ் இருக்குல்லா, அது பாத்துக்கிடும்" என்று ஒரு சமாதானம் வேறு. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம், சரி. அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல்தான் பார்த்துக்கொள்ளும். பிரேக் பிடிக்க வேண்டியது நீதானே? சில வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான் இருக்கும், அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். முன் லீவரை இரண்டு விரலால் முதலில் மெல்ல அழுத்தி, முன் ஷாக் கொஞ்சம் இறங்கி பாரம் முன்னால் வந்தபிறகு பிடியை இறுக்க வேண்டும். வெடுக்கென்று பிடிப்பதற்கும் இதற்கும் நடுவே இருப்பது கண்ணிமைக்கும் நேரம்தான், ஆனால் வித்தை முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. வண்டி மின்கம்பத்துக்கு வெகுதூரம் முன்னாலேயே நின்றது. பையன் இறங்கி வந்து செருப்புக்கும் வண்டிக்கும் நடுவே காலடி வைத்து அளந்தான். "குப்புற விழுவேன்னு நெனச்சேன்" என்றான். பிறகு நான் சொல்லாமலே, வேகத்தைக் கூட்டிக் கூட்டித் திரும்பத் திரும்பச் செய்தான். கடைசியில் லீவரில் ஏபிஎஸ் துடிப்பது விரலில் தெரிந்தபோது, பயந்து கையை எடுத்துவிட்டான். அந்தத் துடிப்பையும் நடுரோட்டில் ஒரு நாய் குறுக்கே வரும்போதா முதல்முறையாகப் பார்ப்பது? இங்கேயே பார்த்துவிடுவது நல்லது.

வேகத்தைப் பற்றியும் கொஞ்சம். கன்னியாகுமரி–திருநெல்வேலி நாலுவழிச் சாலையில் 120 போனதாக ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். 100-ல் போகும்போதே வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. அபாயத்தைக் கண்டு விரல் லீவருக்குப் போவதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடும், அதற்குப் பிறகுதான் பிரேக் வேலையைத் தொடங்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்கு. இதில் ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேறு. ஒரு பஸ்ஸின் மறைவில் நிம்மதியாகப் போய், அதை ஓவர்டேக் செய்து வெளியே வந்ததும் பக்கவாட்டில் ஒரு அடி விழும் பாருங்கள். அந்த நேரத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பவனின் வண்டிதான் அதிகம் ஆடும். முழங்காலால் டேங்கைக் கவ்விக்கொண்டு, கையைத் தளர்வாக விட்டு, வேகத்தைக் குறைத்தால் போதும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்?

மேற்கே போனால் கதை வேறு. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் பக்கம் இரண்டு பருவமழையும் உண்டு, ரப்பர் மர நிழலில் ரோடு சீக்கிரம் காயாது, விழுந்த இலை நனைந்து கிடக்கும். அங்கே வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தேடக் கூடாது. நேராக இருக்கும்போதே குறைத்துவிட வேண்டும். எதிரே பஸ் வந்தால் அதன் விளக்கையே வெறித்துப் பார்க்காமல், நாம் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பயத்தில் கண் எங்கே நிற்கிறதோ, வண்டியும் அங்கேதான் போகும்.

மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில் நெரிசலில் ஊர்வதும் பெரிய வண்டியில் தனிப் படிப்பு. அரை கிளட்ச், கூடவே பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி நகர்வது. பின் பிரேக்குக்கு உண்மையான மரியாதை அங்கேதான் கிடைக்கிறது.

வீட்டில் பணம் போடும் அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. மூன்று லட்சத்துக்கு மேல் கொடுத்து வண்டி எடுத்துவிட்டு, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட்டுக்கும் கையுறைக்கும் கணக்குப் பார்க்காதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது, பலருக்கு அது தெரிவதே இல்லை. இப்போது வரும் பல பெரிய வண்டிகளில் முன் பிரேக் லீவரைக் கைக்குக் கிட்டே கொண்டுவர ஒரு சின்னத் திருகு இருக்கிறது. விரல் எட்டாத லீவரை அவசரத்தில் யாரும் பிடிக்க மாட்டார்கள். வண்டி டெலிவரி எடுக்கும்போதே பையனை உட்கார வைத்து, அவன் விரலுக்குத் தகுந்தபடி அதைத் திருகித் தரச் சொல்லுங்கள். அதற்கு ஷோரூமில் காசு கேட்க மாட்டார்கள்.