சான்றோர் சொல் நான்கில் ஒன்றுதான்
"ஆயுர்வேதத்தில் முனிவர் வாக்கே முடிவு, சோதித்தறியும் வழக்கமே கிடையாது" என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. ஆயுர்வேதத்தின் பழைய மூலநூலான சரக சம்ஹிதையில், சூத்திரஸ்தானம் என்னும் பகுதியின் 11ஆம் அத்தியாயம் ஆப்தோபதேசம் (சான்றோர் சொல்), பிரத்தியட்சம் (நேரில் கண்டறிதல்), அனுமானம் (அடையாளத்தால் ஊகித்தல்), யுக்தி (பல காரணங்களை இணைத்து அறிதல்) என நான்கு வகைப் பரீட்சைகளை, அதாவது உண்மையை ஆராயும் வழிகளைக் கூறுகிறது. சான்றோர் சொல் அவற்றுள் ஒன்று மட்டுமே. அந்நூலின் இன்னொரு பகுதியான விமானஸ்தானத்தின் 4ஆம் அத்தியாயமோ, நோயாளியின் உடலைச் சுவை நீங்கலான மற்றப் புலன்களால் நேரடியாக ஆராயவேண்டும் என்றும், சுவையை அனுமானத்தால் அறியவேண்டும் என்றும் விதிக்கிறது: ஈக்கள் மொய்த்தால் உடலில் இனிப்பு மிகுந்திருக்கிறது என்று கொள்ளவேண்டும்; வெளிப்படுவது இயல்பான இரத்தமா, இரத்தபித்தமா (பித்தத்தால் கெட்ட இரத்தம் வடியும் நோயா) என்ற ஐயம் எழுந்தால், நாயும் காக்கையும் அதை உண்கின்றனவா என்று பார்க்கவேண்டும்; உண்டால் அது இயல்பான இரத்தம், உண்ணாவிட்டால் இரத்தபித்தம். (மருத்துவரின் நாவைக் காப்பாற்றிய விதி என்றும் இதைச் சொல்லலாம்.) ஆயினும் இவற்றை இன்றைய மருந்துச் சோதனைகளுக்கு ஈடாகக் காட்டுவதும் பிழையே, ஒப்பீட்டுக் குழு வைத்து மருந்தின் பயனைக் கணக்கிடும் முறை அந்நூலில் இல்லை.