என்ன தடவலாம்னு கேக்குறதுக்கு முன்னாடி மாட்டை ஒரு தடவை நல்லா பாருங்க

விற்பனைக்கோ மாட்டு ஷோவுக்கோ தேதி நெருங்குற நேரத்துல கிடாரிக்குக் கழுத்துலயோ வாலடியிலயோ முடி கொட்டி சொட்டை விழுந்துட்டா, மாடு வெச்சிருக்கவங்க கேக்குற மொத கேள்வி "என்ன தடவுனா சீக்கிரம் முடி வரும்?"ங்கறதுதான். அடுத்த கேள்வி கொஞ்சம் குரலைத் தாழ்த்தி வரும், "எதைப் போட்டு மறைக்கலாம்?" எனக்கு இந்த ரெண்டு கேள்வி மேலயும் கோவம் உண்டு, ரெண்டாவது மேல ரொம்பவே.

விழுந்த முடி ரெண்டு வாரத்துல பழையபடி வராதுங்க. எந்த எண்ணெயும் எந்த ஸ்ப்ரேவும் அதைச் செய்யாது, செய்யும்னு சொல்றவர் உங்ககிட்ட எதையோ விக்கப் பாக்குறார்னு அர்த்தம். முடி கொட்டுன காரணம் நின்னாத்தான் புதுசா முளைக்கவே ஆரம்பிக்கும், அது சுத்தியிருக்க முடியோட கலந்து வித்தியாசம் தெரியாம ஆக ஒண்ணு ரெண்டு மாசமாவது வேணும். அதனால தேதி கிட்ட வந்துட்டா உங்க கையில இருக்குறது காரணத்தைக் கண்டுபிடிக்கிற வேலை மட்டும்தான், அதை வெச்சுத்தான் மாட்டைக் கூட்டிட்டுப் போகலாமா வேணாமான்னே முடிவு பண்ண முடியும்.

சொட்டை எங்க விழுந்திருக்கு, மாடு சொறியுதா இல்லையா, இந்த ரெண்டையும் பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும். கழுத்து, தோள், முதுகு, வாலடின்னு முடி பிஞ்சு பிஞ்சு இருந்து, மாடு தூண்லயும் வேலியிலயும் போய் உரசிக்கிட்டே இருந்தா மொத சந்தேகம் பேன் மேலதான். வெளிச்சத்துல நிறுத்தி முடியை ரெண்டு பக்கமும் பிரிச்சு தோல் கிட்ட பாருங்க, பேன் ஓடுறதும் தெரியும், ஈறு முடியோட ஒட்டிக்கிட்டு இருக்குறதும் தெரியும். குளிர் மாசத்துல முடி அடர்த்தியா இருக்குறப்ப இது தலைவிரிச்சு ஆடும். ஊசி போட்டாச்சு, முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைச்சுக்குறாங்க. ரத்தம் உறிஞ்சுற பேனுக்கு ஊசி நல்லா வேலை செய்யும், தோலைக் கடிச்சுத் தின்னுற பேனுக்கு அந்த அளவுக்குப் போய்ச் சேராது, அதுக்கு முதுகுல ஊத்துற மருந்துதான் சரி. பெரும்பாலான மருந்து ஈறைக் கொல்லாதுங்கறதால ரெண்டு வாரம் கழிச்சு திரும்பக் குடுக்கணும், கொட்டகையில இருக்க எல்லா மாட்டுக்கும் ஒரே நேரத்துல குடுக்கணும், ஷோ மாட்டுக்கு மட்டும் போட்டா பக்கத்து மாடு நாலு நாள்ல திருப்பிக் குடுத்துடும்.

வாலடி, மடிக்குப் பின்பக்கம், பின்னங்கால் இங்கெல்லாம் தோல் தடிச்சு மடிப்பு விழுந்து பொடுகு உதிர்ந்தா சொறிப்பூச்சியா இருக்கலாம், தோல்ல வாழுற கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி அது. அதைக் கண்ணால முடிவு பண்ண முடியாது, டாக்டர் புண்ணோட ஓரத்துல லேசா ரத்தம் கசியுற அளவுக்கு சுரண்டி மைக்ராஸ்கோப்ல பாத்துதான் சொல்லணும். சுரண்டவே இல்லாம "சொறிதான், போடு ஊசியை"ன்னு யாராவது சொன்னா ஒரு நிமிஷம் யோசிங்க.

இப்ப படைக்கு வர்றேன், படர்தாமரைன்னும் சொல்றாங்களே அது. கண்ணைச் சுத்தி, முகத்துல, காது பக்கம், கழுத்துல வட்ட வட்டமா, சாம்பலைக் குழைச்சு அப்புன மாதிரி தடிச்ச பொருக்கு, அடியில முடி ஒடிஞ்சு போயிருக்கும். சில சமயம் அரிப்பே இருக்காது, அதனால "சும்மா கயித்துல உரசுனதுங்க"ன்னு சொல்லித் தப்பிச்சிடுறாங்க. இது பூஞ்சை, பேரு ட்ரைக்கோஃபைட்டான் வெருகோசம். பெரும்பாலும் இளசுங்களுக்குத்தான் வரும். ஒட்டுன பிறகு வெளிய தெரிய ஒரு வாரத்துல இருந்து நாலு வாரம் வரைக்கும் ஆகும். அதாவது ஒரு கன்னுக்கு வட்டம் தெரிஞ்சுடுச்சுன்னா பக்கத்துல சுத்தமா நிக்கிற கன்னையும் நம்ப முடியாது. தானாவே ஒண்ணுல இருந்து நாலு மாசத்துல ஆறிடும்ங்கறது உண்மை, ஆனா உதிர்ந்த பொருக்குல இருக்க பூஞ்சை வித்து கொட்டகை மரத்துலயும் கயித்துலயும் ப்ரஷ்லயும் வருஷக்கணக்குல உயிரோட கெடக்கும். மனுஷனுக்கும் ஒட்டும். ஷோ மாட்டுக்குப் பக்கத்துல அதிகமா இருக்குறது யாரு, வீட்டுப் பசங்கதானே, மாட்டு கழுத்தைக் கட்டிப் புடிச்சு போட்டோ எடுக்குறதும் அவங்கதான். நார்வேல தடுப்பூசி போட்டுப் போட்டே இதைக் கிட்டத்தட்ட ஒழிச்சுட்டாங்க, அவ்வளவு சீரியஸா எடுத்துக்கிட்ட வியாதியை நாம கறுப்பு பெயின்ட் அடிச்சு மறைச்சு லாரியில ஏத்துறோம்! நிறைய ஷோவுல வாசல்லயே பாத்துத் திருப்பி அனுப்பிடுவாங்க, அனுப்பணும்.

ஒரே க்ளிப்பர், ஒரே ப்ரஷ், ஒரே மூக்கணாங்கயிறுன்னு நாலு மாட்டுக்கும் மாத்தி மாத்தி போடுறதுதான் ஷோ கொட்டகையில படை பரவுற ராஜபாட்டை. பொருக்கை எடுக்குறப்ப கையுறை போட்டு ஊற வெச்சு எடுங்க, எடுத்ததைக் கீழ போடாம சேர்த்து எரிச்சிடுங்க, அப்புறம் டாக்டர் சொன்ன மருந்து.

படைன்னு நினைச்சு பூஞ்சை மருந்தா தடவிக்கிட்டே இருப்பாங்க, ஆனா வேற ஒண்ணா இருக்கும், இதையும் பாத்திருக்கேன். முதுகுல முடி கொத்து கொத்தா ஒட்டிக்கிட்டு, ஒரு கொத்தைப் புடிச்சு இழுத்தா பொருக்கோட சேர்ந்து கையோட வந்துடும், திருப்பிப் பாத்தா அடியில முடி வேரெல்லாம் பெயின்ட் ப்ரஷ் நுனி போல நீட்டிக்கிட்டு நிக்கும், கீழ தோல் ஈரமா சிவந்திருக்கும். இது டெர்மட்டோஃபைலஸ்ங்கற பாக்டீரியா, தோல் ரொம்ப நேரம் நனைஞ்சே இருந்தா வர்றது. மழையில மட்டும் இல்லைங்க, ஷோவுக்குன்னு தினமும் குளிப்பாட்டி, துடைக்காம காய வைக்காம அப்படியே கட்டிப் போட்டாலும் வரும். அழகு பண்றேன்னு செஞ்ச வேலையே முடியைக் கொட்ட வைக்கும்.

தீவனத்துப் பக்கம் யாரும் திரும்பியே பாக்குறதில்லை. வால் குஞ்சம் மட்டும் மெலிஞ்சுக்கிட்டே போகுதா, சூபாபுல் (சவுண்டல்) தழை நிறையப் போடுறீங்களான்னு பாருங்க. அதுல மிமோசின்ங்கற ஒரு நச்சுப் பொருள் இருக்கு, அது முடி வளர்ச்சியையே நிறுத்தும். இதுல ஒரு சுவாரசியமான கதை உண்டு. ஆஸ்திரேலியாவோட அரசு ஆராய்ச்சி நிறுவனம் சிஎஸ்ஐஆர்ஓவுல விஞ்ஞானியா இருந்த ரேமண்ட் ஜோன்ஸ், ஹவாய்ல ஆடுங்க இதையே தின்னும் ஒண்ணும் ஆகாம இருக்குறதைக் கவனிச்சு, அதுங்க வயித்துல இருந்த பாக்டீரியாதான் காரணம்னு புடிச்சு, 1980கள்ல அதை ஆஸ்திரேலிய மாடுகளுக்கு மாத்தினாங்க. அந்த பாக்டீரியாவுக்கு 1992ல அவர் பேரையே வெச்சாங்க, சினெர்ஜிஸ்டீஸ் ஜோன்சியைன்னு. நமக்கு அவ்வளவு தூரம் போக வேணாம், தழையைக் குறைச்சு மத்த தீவனத்தோட கலந்து போட்டாலே போதும்.

கறுப்பு மாடு செம்பட்டையா மாறி, கண்ணைச் சுத்தி கண்ணாடி போட்ட மாதிரி வெளுத்தா தாமிரச் சத்து குறைவா இருக்கலாம். உடனே ஓடிப் போய் தாமிர ஊசி போடாதீங்க, அளவு மீறுனா அது ஈரல்ல சேர்ந்து மாட்டையே கொன்னுடும், ரத்தம் பாத்துட்டு செய்யுங்க. கடுமையான காய்ச்சல் வந்து போன மாட்டுக்கு சில வாரம் கழிச்சு அரிப்பே இல்லாம முடி கொத்தா கொட்டும், தோல் வழவழன்னு இருக்கும், அது தானா வந்துடும். பொழுது நீள ஆரம்பிச்சா குளிர்கால முடி உதிர்றது வியாதியே இல்லை, ப்ரஷ் போட்டு விடுங்க, அவ்வளவுதான்.

கழிவு என்ஜின் ஆயில் தடவுறவங்க இன்னும் இருக்காங்க. மாடு தன்னைத்தானே நக்கும்ங்க, பக்கத்து மாட்டையும் நக்கும், அந்த ஆயில்ல இருக்க விஷம் மொத்தமும் உள்ள போகும். இதுக்கு மேல என்ன சொல்றது.

சரி, மறைக்கிற விஷயம். டை அடிக்கிறது, பவுடர் அப்புறது, ஒட்டு முடியில வால் குஞ்சம் கட்டுறது எல்லாம் திறமைன்னு சிலர் பெருமையா சொல்லிக்கிறாங்க. கயிறு உரசுன தழும்புக்கு மேல கொஞ்சம் முடியை சீவி விடுறதை நான் குத்தம் சொல்லல. தொத்து வியாதிய மூடி விக்கிறது வேற, அது வாங்குறவரோட மொத்தக் கொட்டகையையும் கெடுக்குற வேலை. படையோ சொறியோ இருந்தா அந்த விற்பனைக்கு அந்த மாடு வேண்டாம், அடுத்ததுக்குப் போகட்டும். தொத்தாத காரணம்னா டாக்டர் எழுதுன சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு, "இதனாலதான் கொட்டுச்சு, இந்தத் தேதியில இந்த மருந்து போட்டோம்"னு முன்னாடியே சொல்லிடுங்க. மருந்து போட்ட தேதியை சொல்லியே ஆகணும், பேனுக்கும் சொறிக்கும் போடுற சில ஊசி கறவை மாட்டுக்குப் போடவே கூடாது, மத்ததுக்கும் பாலையோ கறியையோ இத்தனை நாள் பயன்படுத்தக் கூடாதுன்னு கெடு இருக்கும், வாங்குறவருக்கு அது தெரியாமப் போனா வம்பு.

வாங்குறவங்க மேலயும் எனக்கு வருத்தம் இருக்கு. கழுத்துல உள்ளங்கை அளவு முடி இல்லைன்னு விலையைப் பாதியாக் குறைப்பாங்க, ஆனா மாடு நாலு எட்டு நடக்குறதைப் பாக்க மாட்டாங்க, மடியைத் தொட்டுப் பாக்க மாட்டாங்க. பளபளன்னு இருக்குறதை மட்டுமே வாங்குவேன்னா விக்கிறவன் பெயின்ட் டப்பாவோடதான் வருவான். கையை முடிக்கு எதிர்ப்பக்கமா ஓட்டிப் பாருங்க, விரல்ல சாயம் ஒட்டுதா, பொருக்கு தட்டுதான்னு தெரியும். எவ்வளவு சுத்தமா இருந்தாலும் வாங்கிட்டு வந்த மாட்டை மூணு நாலு வாரம் தனியாக் கட்டுங்க, அதுக்குன்னு தனி ப்ரஷ், தனி கயிறு.